கிணற்றுக்கு இப்பால் நின்றவர்

இந்தச் சித்திரத்துக்கு நான் ஒரு வரம்பு வகுத்துக்கொண்டிருக்கிறேன். என் கண்ணால் கண்டவற்றையும், தம்முள் கலந்து பேசிக்கொள்ளாத இருவர் தனித்தனியே ஒருபடித்தாகச் சொன்னவற்றையும் மட்டுமே எழுதுவேன். ஏனையவை எத்துணை அழகாயினும் விலக்கப்படும். வெள்ளத்துக்குப் பிறகு இவரைப் பற்றி எங்கள் பக்கத்து ஊர்களில் பல கதைகள் உலவின. நீர்மேல் நடந்தார் என்றனர் சிலர். மாதா கைப்பிடித்து அழைத்துச் சென்றாள் என்றனர் வேறு சிலர். களமருதூர்ப் பக்கம் வழங்கும் கதையில் இவர் உயிரோடு திரும்பவே இல்லை. இவற்றை நான் விலக்குவதற்குக் காரணம் அச்சமே. ஓர் இடத்தைச் சற்றே தள்ளிக் குறித்துவிட்டால் என்ன நேரக்கூடும் என்பதை அருகிருந்து பார்த்தவன் நான். மனிதரைக் குறிக்கும்போதும் அந்த எச்சரிக்கை வேண்டும். பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. அவர் பயந்தவர்.

பயத்தை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில், "எனக்கு பயமா கீது" என்பார். கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். கச்சிராயபாளையம் சாலையிலுள்ள தம் ஊரிலிருந்து பேருந்தில் வருவார். ஓட்டுநர் கொட்டாவி விட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார். கடையில் மேலடுக்கு மருந்தை எடுக்க மடக்கு ஏணியில் ஏறவேண்டும். ஏறுமுன் அதன் ஒவ்வொரு காலையும் அசைத்துப் பார்ப்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் திரும்பிக் கேட்பார்: "நா வுழுந்துட்டா மருந்த நீங்களே தேடி எடுத்துக்குவீங்களா? எழுத்து புரியுமா?"

எங்கள் இளைஞர் மன்றத்தில் அவர் உறுப்பினர், நான் செயலாளர். என்னைவிட வயதில் இளையவர். என்னை அண்ணா என்பார். மன்றத்தின் மற்ற இளைஞர்களுக்கு அவர் அக்கா. ஊர்த்தொண்டில் நிலப்படத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் மன்றங்களுக்கு நல்கை வழங்குவதாக ஓர் அறக்கட்டளை அறிவித்தபோது, எதைப் படத்தில் குறிக்கலாம் என்று கூடிப் பேசினோம். ஒருவர் மரங்கள் என்றார். ஒருவர் தெருவிளக்குகள் என்றார். அவர், "கெணறு" என்றார்.

"இன்னா கெணறு?"

"சொவரு இல்லாத கெணறு. தரையோட தரையா கீதே, அது."

எங்கள் ஊரார்க்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வெளியூர் வாசகர்க்காகச் சொல்கிறேன். நெல்லும் கரும்பும் விளையும் எங்கள் சமவெளியில், பாறை தட்டும்வரை அகலமாக வெட்டிய பாசனக் கிணறுகள் மிகுதி. பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. விளிம்பு வரை புல் மண்டியிருக்கும். வண்டிப்பாதை அவற்றை ஒட்டியே வளைந்து செல்லும். ஒவ்வொரு ஊரிலும், அப்படிப்பட்ட ஒரு கிணற்றின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடக்கும் குடும்பம் ஒன்றாவது இருக்கும்.

பந்தல் போடும் தொழில் செய்யும் எங்கள் உறுப்பினன் ஒருவன், எதையும் கேலி செய்யாமல் விடாதவன், குறுக்கிட்டான்.

"அக்காவுக்கு பயம்னா அதுக்கு ஒரு மேப்பு, அதுக்கு ஒரு கிராண்ட்டா?"

"ஆமாண்டா. உனுக்குதான் பயமே இல்லியே, உன்ன ஒரு புள்ளியாப் போட்டுடறேன். நடுக் கெணத்துல."

கூட்டம் சிரித்தது. விண்ணப்பத்தை நான் எழுதினேன். நல்கை கிடைத்தது.

பயிற்சி கள்ளக்குறிச்சியில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்றுநர், குறிக்க வேண்டிய பொருளின்மீது நின்றுகொண்டு கைப்பேசியில் அழுத்தினால் அவ்விடம் படத்தில் புள்ளியாகப் பதியும் என்றார். நம்மவர் எழுந்தார்.

"கெணத்து மேல எப்டிங்க சார் நிக்கிறது?"

மண்டபம் அதிர்ந்தது. பயிற்றுநரும் சிரித்துவிட்டு, "மேல நிக்க வேணாம்மா. முடிஞ்ச அளவு கிட்ட போய் நில்லுங்க" என்றார்.

"எவ்ளோ கிட்டங்க?"

"உங்களால முடிஞ்ச அளவு."

அவர் தலையாட்டி அமர்ந்தார். அவ்விடை அவருக்கு நிறைவளித்ததை நான் கண்டேன். எனக்கும் அப்போது அதில் குறையொன்றும் புலப்படவில்லை.

களத்தில் அவருடைய முறை மாறாதது. சாலையில் வண்டியை நிறுத்துவோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் மண்ணைத் தடவித் தடவிக் கிணற்றை நோக்கிச் செல்வார். ஓரிடத்தில் நின்றுவிடுவார். "கால் கூசுது. இதுக்கு மேல வேணாம்." அங்கே நின்று அழுத்துவார். நாங்கள் மேலே சென்று எட்டிப் பார்த்து, சுவர் உண்டா, படி உண்டா, நீர் எவ்வளவு என்று சொல்வோம்; அவர் பதிவுசெய்வார். கைப்பேசியை வேறெவரிடமும் தரமாட்டார். பந்தல்காரன் ஒருமுறை கேட்டு வாங்க முயன்றான்.

"குடுக்கா, நா ஓரமாப் போய் அமுத்திட்டு வரேன்."

"போனப் பாத்துகினே நடந்தா நேரா உள்ளதான் போவ. உங்கம்மாவுக்கு யார்டா பதில் சொல்றது? தள்ளு."

அவர் சொன்னதில் பிழையில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கிணற்றோரம் நடப்பது போன்ற பேதைமை வேறில்லை. ஆகவே எல்லாக் கிணறுகளையும் அவரே குறித்தார்.

குறிக்க விடாதவர்களும் இருந்தனர். ஒரு நிலக்காரர் கரும்புத் தோகையை உதறிவிட்டு வழிமறித்தார்.

"யாரக் கேட்டு உள்ள வந்தீங்க? இன்னா படம் புடிக்கிறீங்க?"

நான் விளக்கினேன். அவர் கேட்கவில்லை. "இப்ப மேப்புல ஏத்துவீங்க. நாளிக்கு ஆபீசரு வந்து சொவரு கட்டு, இல்லாங்காட்டி மோட்டாருக்குக் கரண்ட்ட கட் பண்ணிடுவேன்னுவான். எவன் கட்றது? போங்க, போங்க."

"சரிங்க, போடல" என்றார் நம்மவர். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க வூட்டுக் கன்னுக்குட்டி அவுத்துகினா எந்தப் பக்கமா ஓடும்?"

"கெணத்து மேட்டுக்குத்தான் ஓடும். பச்சையா கீதில்ல. இன்னாத்துக்கு?"

"புள்ளைங்க அது பின்னாலயே ஓடுமேங்க."

அம்மனிதர் கிணற்று மேட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, யாரையோ உள்ளே இருக்கச் சொல்லி உரக்கக் கத்தினார். எங்களிடம் தணிந்த குரலில், "போட்டுக்குங்க. என் பேரு மட்டும் வரக் கூடாது" என்றார்.

தம் அச்சத்தை இப்படிப் பிறர் நெஞ்சில் வைத்துவிடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அதை ஆற்றல் என்பதா என்று எனக்கு இன்றும் ஐயமுண்டு. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து அழைப்பு வந்து சென்றிருந்தோம். மலையில் கிணறுகள் குறைவு. தண்ணீர் வராமல் கைவிட்ட ஆழ்துளைக் குழாய் ஒன்றைக் காட்டினர். வாயில் ஒரு சாக்கைத் திணித்திருந்தார்கள். சாக்கு மக்கி, அழுத்தினால் உள்ளே போகும் நிலையில் இருந்தது. அவர் அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டார்.

"இதுக்கு ஒரு மூடி வர்ற வரிக்கும் நா ஏந்திரிக்க மாட்டேன்."

நாங்கள் வந்த வண்டி இறங்கும் நேரமாயிற்று. ஓட்டுநர் ஒலியெழுப்பினார். சாமைக்கதிர் சுமந்து சென்ற மலைப்பெண் ஒருத்தி நின்று பார்த்து, "யாருக்கு வேண்டுதல்?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு அச்சிரிப்பு அடங்கிற்று. சுமையை இறக்கிவிட்டுச் சென்றவள் தன் கணவனோடு ஒரு கல்பலகையைப் புரட்டிக்கொண்டு வந்தாள். குழாய் மூடப்பட்ட பிறகே அவர் எழுந்தார். அப்போதும் அவர் அமர்ந்திருந்த இடம் குழாயிலிருந்து தள்ளியே இருந்தது. நான் அதைக் கண்டேன். அதன் பொருளைக் காணவில்லை.

எங்கள் நிலப்படம் பாராட்டப்பட்டது. புள்ளியை நெருங்கினால் கைப்பேசி கூவும்படி அதை ஒரு செயலியாக ஆக்கித் தந்தார்கள். பால் எடுப்பவர்கள், கரும்பு ஏற்றும் வண்டிக்காரர்கள், கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் கருணாபுரத்தில் வீடு வீடாகச் சென்ற தொண்டர்கள் எனப் பலரும் எங்களிடமிருந்து அதைத் தத்தம் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டனர். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அது சென்றது. எங்கெங்கு சென்றது என்று நாங்கள் கேட்டுவைக்கவில்லை.

அடுத்து வந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்து ஏரி உடைந்தது. சாலைக்கு மேற்கே வயல்வெளி முழுவதும் ஒரே நீர்ப்பரப்பாயிற்று. எது வரப்பு, எது பாதை, எது கிணறு என்று பிரித்தறிய முடியாதபடி யாவும் ஒரே மட்டத்தில் செம்மண் நிறத்தில் கிடந்தன. வயல் நடுவே இருந்த ஒரு கொட்டாயில் கைக்குழந்தையோடு ஒரு கணவனும் மனைவியும் சிக்கிக்கொண்டிருந்தனர். பந்தல்காரனும் இன்னொருவனும் அவர்களை அழைத்துவரச் சென்றனர். பொழுது விடிந்து வெளிச்சம் நன்றாக இருந்தது. நாங்கள் சாலையில் கயிற்றோடு நின்றோம்.

சாலைக்கும் கொட்டாய்க்கும் நடுவே அகலமான கிணறு ஒன்று இருந்தது. போகும்போது கைப்பேசி முறைப்படி கூவியது. அவர்கள் விலகிச் சுற்றிச் சென்றதைக் கண்டோம். ஒரு பெரிய அண்டாவில் குழந்தையைக் கிடத்தி மிதக்கவிட்டுக்கொண்டு அவர்கள் திரும்பியபோது, நடுவில் ஓடை பெருகிவிட்டிருந்தது. சென்ற தடத்திலேயே திரும்ப இயலவில்லை. கைப்பேசியை நம்பி, நேரே எங்களை நோக்கி வரலாயினர்.

அருகில் நின்ற நம்மவர் என் கையைப் பற்றினார்.

"அண்ணா, அவங்க அந்தப் பக்கத்துலேந்து வராங்க."

"ஆமா. வந்துடுவாங்க."

"இல்லண்ணா. நா இந்தப் பக்கம்தான் நின்னேன். ரோட்டுப் பக்கம். எல்லாத்துக்கும் இந்தப் பக்கம்தான் நின்னேன்."

அப்போது எனக்கு விளங்கிற்று. அவர் குறித்த புள்ளிகளில் ஒன்றும் கிணற்றின்மீது இல்லை. ஒவ்வொன்றும் கிணற்றுக்கு இப்பால், அவருடைய கால் கூசி நின்ற இடத்தில் இருந்தது. சாலையிலிருந்து செல்பவனுக்கு முதலில் ஒலி வரும், பிறகு கிணறு. அப்பாலிருந்து வருபவனுக்கு முதலில் கிணறு. ஒலி அதற்குப் பிறகு.

கத்தினோம். மழையிரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே எட்டவில்லை. கையசைத்தோம். அவர்களும் கையசைத்தார்கள்.

அவர் கயிற்றை என்னிடம் விட்டுவிட்டு, கரும்புக்கு முட்டுக்கொடுக்கும் ஒரு கழியை எடுத்துக்கொண்டு நீரில் இறங்கினார். நான் தடுக்கவில்லை, தடுக்கத் தோன்றவில்லை. அழுதுகொண்டே சென்றார் என்பதைத் தோளசைவிலிருந்து அறிந்தேன். இடுப்பளவு நீரில் கழியால் குத்திக் குத்திச் சென்றவர், ஓரிடத்தில் அகலச் சுற்றினார்; கொட்டாயின் பக்கமாகச் சென்று, கழியை ஊன்றி, அவர்களுக்கு எதிரே இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அவர்கள் நின்றார்கள். பிறகு அவர் கைகாட்டிய பக்கம் சுற்றி வந்தார்கள். அண்டாவைச் சாலைக்கு ஏற்றியது நான்தான், குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

"போனு கத்தவே இல்லண்ணா" என்றான் பந்தல்காரன். "அக்கா நின்னுகினு கீதேன்னுதான் நின்னேன். இல்லன்னா வந்துகினேதான் இருப்பேன்." குழந்தையின் தந்தையைப் பிறகு தனியே கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

நீர் வடிந்ததும் சென்று பார்த்தோம். அவர் ஊன்றிய கழி சேற்றில் அப்படியே நின்றது. அதற்கும் கிணற்று விளிம்புக்கும் நடுவே ஒரு பாய் விரிக்க இடமில்லை. கிணறு அவருக்குப் பின்புறம் இருந்திருக்கிறது. விளிம்பு எங்கே என்று எவ்வாறு அறிந்தார் என்று கேட்டேன்.

"தெரியல. கேக்காதண்ணா."

மறுபடி கேட்கவில்லை.

அதன்பின் எல்லாக் கிணறுகளையும் அவர் திரும்பக் குறித்தார். விளிம்பில் குப்புறப் படுத்து, கைப்பேசியைப் பள்ளத்தின்மேல் நீட்டி அழுத்துவார். நான் அவருடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொள்வேன். பந்தல்காரன் வேறொருவரைப் படுக்கச் சொன்னான். அவன் குரலில் கேலி அற்றுப்போயிருந்தது. "நா தப்பாப் போட்டது. நாந்தான் போடணும்" என்றார் அவர். ஒவ்வொரு கிணற்றுக்குப் பிறகும் ஓரமாகச் சென்று வாந்தியெடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த கிணறு எங்கே என்று கேட்டார். திருத்திய படத்தை அனுப்பினோம். பழைய படத்தை அழித்துவிடுமாறு எங்களுக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னோம். தெரியாதவர்களிடம் சொல்ல வழியில்லை.

ஒரு கிணறு மட்டும் எஞ்சியது. சின்னசேலம் செல்லும் சாலையையொட்டி, நெடுநாள் தரிசாகக் கிடந்த நிலம். சீமைக்கருவேல் முள் ஆளுயரத்துக்கு மேல் பின்னிக் கிடந்தது. முதன்முறை சென்றபோதே உள்ளே புக இயலவில்லை. அங்கு ஆடு மேய்க்கும் பெரியவர், முள்ளுக்குள் கிணறு உண்டென்று கல்லை வீசிக் காட்டினார். நீரில் விழும் ஓசை கேட்டது. நம்மவர் வண்டிப்பாதையில் நின்றபடியே அழுத்திவிட்டார். திருத்தச் சென்றபோதும் முள் வழிவிடவில்லை. வெட்டி வழியமைக்க ஆள் பேசிக்கொண்டிருந்த நாளில் அவருக்குச் சேலத்தில் வேறு வேலை கிடைத்தது. பழைய புள்ளியோடு அக்கிணறு படத்தில் நின்றுவிட்டது.

சென்ற கோடையில் பொக்லைன் வந்து முள்ளைப் பிடுங்கிற்று. வண்டிப்பாதையும் அதோடு போயிற்று. செம்மண் பரப்பிச் சமன்செய்து, மனைகளாகப் பிரித்து, மஞ்சள் வண்ணமிட்ட கற்களை நட்டு, முகப்பில் ஒரு வளைவு எழுப்பியிருக்கிறார்கள். மனை விற்பவரிடம் கேட்டேன்.

"கெணறா? அப்டி ஒண்ணு இங்க இல்லவே இல்லீங்க, சார்."

ஆடு மேய்ப்பவரைத் தேடிப் பிடித்தேன். "மூடுனாங்க. மண்ணக் கொட்டி மூடுனாங்களா, புடுங்கின முள்ள உள்ள தள்ளி மேலாக்க மண்ணப் போட்டாங்களான்னு நா பாக்கல" என்றார். இடத்தைக் காட்டுமாறு கேட்டேன். மூன்று முறை காட்டினார். மூன்றும் வெவ்வேறு இடம். அவருக்கே சலிப்புண்டாயிற்று. "முள்ளு இருந்தா காட்டுவேன் சாமி. இப்ப இன்னாத்த வச்சிக் காட்றது?"

வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். இடத்தைக் குறித்துத் தாருங்கள், வந்து பார்க்கிறோம் என்றனர். அது முறையான கோரிக்கைதான்.

அவர் சேலத்திலிருந்து ஒருநாள் வந்தார். பழைய புள்ளி காட்டிய இடத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். சுற்றிலும் கல்லும் செம்மண்ணும் தவிர வேறில்லை. அவர் கையை நீட்டினார், சற்று நேரத்தில் அக்கை வேறு பக்கம் நகர்ந்தது, பிறகு இறங்கிவிட்டது.

"நா உள்ள போவலியே அண்ணா. சத்தம்தான் கேட்டேன்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. மனை பார்க்க வந்திருந்த குடும்பங்களின் குழந்தைகள் ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்கு ஓடிக்கொண்டிருந்தனர். அவர் ஒவ்வொரு தாயிடமும் சென்று, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்ளுமாறு சொன்னார். ஏன் என்று கேட்டவர்களிடம் சொன்னார். ஒருத்தி தன் மகளை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் விற்பவரைப் பார்த்தார்கள், அவர் சிரித்தார், அவர்களும் சிரித்தார்கள். நம்மவர் அடுத்த பேருந்தில் சேலம் திரும்பினார்.

அங்கே முதல் வீட்டுக்குக் கடைக்கால் பள்ளம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். அக்கிணறு முற்றும் தூர்க்கப்பட்டதா, மேலே மட்டும் மூடப்பட்டதா என்பது தெரியவில்லை. அது எந்த மனையின் கீழ் இருக்கிறது என்பதும் தெரியவில்லை.